சுக்காய்க் காய்ந்த அரை மூட்டை வத்தல்

மாசி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. பகல் பதினொன்றே கால் மணி. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. மேற்கே மலைப் பக்கமிருந்து காற்று விட்டு விட்டு வீசிக்கொண்டிருந்தது.

வருஷத்தை மட்டும் கேட்காதீர்கள். யுத்தம் வருவதற்கு முன்னால், அணாவுக்கு மதிப்பு இருந்த காலம். அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்லுவேன்.

மம்சாபுரம் போகிற பாதையில் இருந்த எங்கள் சபைக் கோயில் முற்றத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்லுவோம். வருஷத்துக்கு ஒரு நாள் அவரவர் நிலத்தில் விளைந்ததில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம். அதை வேப்பமரத்தடியில் ஏலம் போட்டு, வருகிற பணத்தைச் சபைச் செலவுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் நான் கொண்டுவந்தது அரை மூட்டை மிளகாய் வத்தல்.

மரத்துக்குக் கிழக்கே ஆண்கள், மேற்கே பெண்கள். ஆண்கள் பக்கம் போட்டிருந்தவை மூன்றே நாற்காலிகள். நடு நாற்காலியில் ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு விருந்தாளி மடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ஞானமுத்து. மிளகாய்க்குக் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசைப் பாயில் அவருடைய மகள் எஸ்தர் இருந்தாள்.

அந்தப் பெண்ணைத்தான் எனக்குக் கேட்டிருந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. பதில் என் மூட்டைக்குள் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏலம் போடுகிறவர் கோயில்பிள்ளை மாசிலாமணி. கோயிலைப் பெருக்கி, மணியடித்து, விளக்கேற்றுகிறவரைக் கோயில்பிள்ளை என்போம். அவர் என் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார். குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த முகம் ஏன் அப்படி ஆனது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூன்று எழுத்து

சென்ற வாரக் கட்டுரையில் எங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றி எழுதியபோது, "கோடையில் சுக்காய்க் கிடக்கும்" என்று எழுதிவிட்டேன். வடக்கே இருந்து ஒரு வாசகி, அது என்ன சொல் என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் இந்த வாரக் கட்டுரையாகிவிட்டது.

சுக்கா. எண்ணினால் மூன்றே எழுத்து. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் காய்ச்சல் கிடையாது.

இஞ்சி காய்ந்தால் சுக்கு. பச்சை இஞ்சியில் நகம் இறங்கும். சுக்கில் இறங்காது, அம்மியில் வைத்துத் தட்டத்தான் வேண்டும். அந்தப் பதத்துக்கு எது வந்தாலும் நாங்கள் சுக்கா என்போம். மடக்கினால் மடங்குவது காய்ந்தது. மடக்கினால் ஒடிவது சுக்கா.

வெயிலில் நடந்து வந்தவன், "தொண்ட சுக்காக் காஞ்சு கெடக்கு, ஒரு செம்பு தண்ணி தாங்க" என்பான். அடுப்புக்கு எருவாட்டி என்கிற வரட்டியை வாங்குகிறவள், "சுக்கா இருக்கா, இல்ல புகையுமா?" என்று கேட்பாள். தண்ணீர் சுண்டச் சுண்ட வறுத்த ஆட்டுக்கறியும் சுக்காதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் பக்கத்தில் இருந்தவர், "பிரசங்கம் இன்னைக்குச் சுக்கா" என்று காதோடு சொன்னார். நான் சிரித்துத் தொலைத்தேன். ஐயர் திரும்பிப் பார்த்தார். எங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

துவைத்துக் காயப்போட்ட வேட்டியை யாரும் சுக்கா என்று சொல்ல மாட்டார்கள். அது நாளைக்குத் திரும்பவும் நனையப் போகிறது. ஈரம் இனித் திரும்பாது என்று தெரிந்த பொருளுக்குத்தான் இந்தச் சொல். அப்படியானால் கிணறு, மழை பெய்தால் நிறையுமே என்று நீங்கள் கேட்கலாம். கிணற்றைச் சுக்கா என்று சொல்லுகிறவன், மழை வரும் என்று நம்பாதவன்.

ராஜபாளையத்தில் பலர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். அவர்கள் மண்டிக்கு வந்தால், "பாக எண்டிந்தா?" என்று நன்றாகக் காய்ந்ததா எனத் தங்கள் பாஷையில் ஆரம்பிப்பார்கள். முடிக்கும்போது, "சுக்காவா?" என்றுதான் முடிப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு அவர்களும் மாற்றுத் தேடவில்லை.

பந்தியில் ஒரு கேள்வி

எஸ்தரை நான் முதலில் பார்த்தது வ. புதுப்பட்டியில் ஒரு கலியாண வீட்டில். அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற வழக்கம் அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. பந்தலுக்கு எத்தனை கால், கூடையில் எத்தனை பழம் என்று வாய் தானாக முணுமுணுக்கும்.

அன்றைக்குப் பந்தி ஓரமாக நின்று இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பளக் கூடையோடு வந்த ஒரு பெண் என் முன்னால் நின்றுவிட்டாள்.

"எண்ணி முடிச்சாச்சா?"

"நாற்பத்தெட்டு" என்றேன்.

"அம்பது. ரெண்டு பிள்ளைக தூணுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கு. அதுகளுக்கு அப்பளம் வேண்டாமா?"

எட்டிப் பார்த்தேன். இருந்தார்கள். நான் திரும்புவதற்குள் அவள் பாதிப் பந்தி போய்விட்டாள்.

அன்று ராத்திரியே என் அக்கா தாயம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் அவள்தான். ஆலங்குளத்துப் பக்கம் எங்களுக்கு இருந்த மூன்று குறுக்கம் கரிசல் நிலத்தையும் அவளும் அத்தானும்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா ராஜபாளையம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

"அவிய ஒண்ணும் பிடிகொடுத்துப் பேசலலே. வாத்தியார் சம்பளம் எம்புட்டுன்னு கேட்டாக. சொன்னேன். நெலம் இருக்கான்னாக. இருக்குன்னேன். என்ன வெளையும்னாக. மொளகான்னேன். அப்பத்தான் நிமிந்து பாத்தாக. உங்க சபைப் பண்டியலுக்கு வாரேன், வத்தலையும் பாத்துக்கிடுதேன், மாப்பிள்ளையையும் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாக."

"வத்தலை முதலில் சொன்னாரா, மாப்பிள்ளையை முதலில் சொன்னாரா?"

"வத்தலத்தான்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்த வாரமே ராஜபாளையம் போய், அவர் மண்டிக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். இரண்டு காப்பி குடிக்கும் நேரம் வேடிக்கை பார்த்தேன். ஞானமுத்து சாக்குக்குள் கையை விடுவார், ஒரு வத்தலை எடுப்பார், முறைப்பார், போடுவார். வண்டிக்காரர்களைப் பார்த்து ஒரே கூச்சல்.

"இது என்னய்யா, தண்ணியில முக்கிக் கொண்டாந்தியா? சுக்கா இருக்கணும்வே! எத்தன மட்டம் சொல்லுதேன், சுக்கா இருக்கணும்!"

நான் இருந்த நேரத்துக்குள் அந்தச் சொல்லை ஒன்பது தடவை சொன்னார். வேறு பரீட்சைக்கு இப்படிக் கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்ததில்லை. சந்தோஷமாக ஊருக்குத் திரும்பினேன்.

தகரக் கூரை

மிளகாய்ப் பழம் பறித்ததும் களத்தில் பரப்பினோம். அதைக் காயப்போடுவது அக்காவின் வேலை. அந்த வருஷம் நான் விடவில்லை. சனிக்கிழமை தோறும் வந்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டே வந்தேன். சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன் அள்ளிக் கூட்டுவேன். காலையில் பரப்புவேன். மணிக்கு ஒரு தரம் கிளறிவிடுவேன்.

ஒரு நாள் அக்கா கையில் ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே விதை ஆடியது. தோல் லேசாக நெளிந்தது.

"பதம் வந்திருச்சு. அள்ளுலே."

நான் வாங்கி மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. ஒடியவில்லை.

"இன்னும் சுக்கா ஆகலியே அக்கா."

"வத்தல்னா இம்புட்டுத்தாம்லே காயும். இதுக்கு மேல காஞ்சா எட நிக்காது. நெறமும் செத்துப்போவும்."

"அவர் வாயால் சொன்னதை நான் காதால் கேட்டேன். ஒன்பது தடவை."

எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு அத்தான் புதிதாகத் தகரம் போட்டிருந்தார். மத்தியானத்தில் அதன்மேல் காக்கை உட்காராது. ஏணி போட்டு ஏறி, அரை மூட்டைக்கு உண்டான வத்தலை மட்டும் அங்கே கொண்டுபோய்ப் பரப்பினேன். ஐந்து நாள் வைத்தேன். அக்கா கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே, பொடிதாம்லே மிஞ்சும்! இவன் பொண்ணு கேக்கப் போறானா, மசாலா அரைக்கப் போறானா?"

ஐந்தாம் நாள் ஒன்றை எடுத்து மடக்கினேன். படக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் ஒடிந்தது. வரிசையாகப் பன்னிரண்டு ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். அவ்வளவு மன நிறைவு எனக்கு அதற்கு முன்னால் பரீட்சையில் தேறியபோதுகூட வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மூட்டையை மாட்டு வண்டியில் ஏற்றினோம். ஆலங்குளத்துப் பக்கமிருந்து மம்சாபுரம் வரை பகல் முழுவதும் பயணம். பாதையில் பள்ளம் எது, மேடு எது என்று எண்ணிக்கூடச் சொல்ல முடியாது, முழுவதும் பள்ளம்தான். மூட்டை என் பக்கத்திலேயே குதித்துக் குதித்து வந்தது. காய்ந்த வத்தல் வண்டியில் குலுங்கினால் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

ஒரு முட்டை, மூன்று ஏலம்

எங்கள் சபை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பொருளுக்கு விலை கிடையாது, மனசுக்குத்தான் விலை. அன்று காலையில் ஒரு விதவைத் தாயார் ஒரு கோழி முட்டை கொண்டுவந்து வைத்திருந்தார். ஒருவர் நாலணாவுக்கு எடுத்தார். எடுத்தவர் அதைத் திருப்பிக் காணிக்கையாகக் கொடுத்தார். இன்னொருவர் எட்டணாவுக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது ஆள் பன்னிரண்டணா கொடுத்து, வாங்கின கையோடு உடைத்துக் குடித்துவிட்டார். இல்லாவிட்டால் அந்த முட்டை சாயங்காலம் வரை விலை போயிருக்கும்.

ஏலத்துக்கு இரண்டே சட்டங்கள். தலையை அசைத்தால் நாலணா கூடும். படைத்தவர் படைத்ததைத் தானே வாங்கக் கூடாது.

மாசிலாமணி எந்தத் தானியத்தையும் சாக்கோடு ஏலம் விட மாட்டார். சுளகில் கொட்டி, இரண்டு புடை புடைத்து, தூசி தும்பைப் போக்கி, சபையார் முன்னால் காட்டிவிட்டுத்தான் கூவுவார். முப்பது வருஷப் பழக்கம். என் மூட்டைக்குள் பார்த்து முகம் மாறினாரே தவிர, கை பழக்கத்தை விடவில்லை. இரண்டு படி அள்ளிச் சுளகில் போட்டார்.

சுளகில் விழுந்ததில் வத்தல் என்று சொல்லும்படி இருந்தவை காம்புகள்தான். மற்றதெல்லாம் செதிலும் விதையும் சிவப்புத் தூளும்.

"அருமையான மொளகா வத்தல்! வாத்தியார் வீட்டு வத்தல்! ஒரு ரூவா!" என்று கூவிக்கொண்டே புடைத்தார்.

அதே சமயம் மேற்கேயிருந்து ஒரு காற்று வந்தது.

தும்மினவர் எல்லாம்

முதல் தும்மல் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவருடையது. உடம்பே குலுங்கியது. தலை முன்னால் போய் வந்தது.

"ஒண்ணே கால்!" என்றார் மாசிலாமணி.

"ஏ, நான் கேக்கலப்பா, தும்..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் தும்மினார்.

"ஒண்ணரை!"

அதற்குள் ஆண்கள் பக்கம் முழுவதும் ஆரம்பித்துவிட்டது. பாய் பாயாகத் தும்மினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள், சிரிப்பதற்கு மூச்சை இழுத்தார்கள், இழுத்ததும் தும்மினார்கள். மாசிலாமணியின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது. எதிரில் யார் இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் காது நன்றாகக் கேட்டது.

"தும்முனவுக அம்புட்டுப் பேரும் கேட்டதா வச்சுக்கிடுதேன்! கோயில் கூரை ஒழுகுது, தாராளமாத் தும்முங்க! மூணு ரூவா! மூணே கால்!"

ஐயர் எழுந்து கையை உயர்த்தினார். "மாசிலாமணி, இது முறை இல்..." என்றவர் அங்கியின் கைக்குள் முகத்தைப் புதைத்துப் பெரிதாக ஒன்று தும்மினார்.

"ஐயரு நாலணா!"

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வேன்? இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ஒவ்வொரு தும்மலுக்கும் எஸ்தர் ஒரு அடி தூரம் விலகிப் போவது போல இருந்தது. ராஜபாளையத்துக்காரர் முன்னால் இப்படியா என் வத்தல் விலை போக வேண்டும்?

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் தும்மவில்லை. ஞானமுத்து. மிளகாய் மண்டியிலேயே காலம் தள்ளிய மூக்கு அது. அவர் துண்டை மடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நேராகச் சுளகிடம் வந்தார். கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். விரல் இடுக்கு வழியாக அத்தனையும் மணலாகக் கொட்டியது.

"வாத்தியாரே, இங்கன வாரும். இது யாரு காய வச்சது?"

"நான்தான் ஐயா."

"எத்தன நாளு?"

"பதினேழு நாள். கடைசி அஞ்சு நாள் தகரத்துல."

"தகரத்துலயா! எதுக்குய்யா?"

"மண்டியில வண்டிக்காரர்கிட்ட நீங்க சொன்னதக் கேட்டேன். சுக்கா இருக்கணும்னு சொன்னிய. ஒன்பது தடவ சொன்னிய."

அவர் என்னை உச்சி முதல் கால் வரை பார்த்தார். மீசை நுனி ஆடியது. கோபம் என்று நினைத்தேன்.

"இருபத்தாறு வருசமாச் சொல்லுதேன்யா. வாரவன் போறவன் அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லுதேன். ஒரு பய கேட்டதில்ல. நான் சுக்காம்பேன், அவன் அரைக்காச்சலாக் கொண்டாருவான், நான் எடையில கழிப்பேன், அவன் சண்டைக்கு வருவான். அதுதான்யா யாவாரம்! நீரு ஒருத்தருதான் நெசம்னு நம்பி, தகரத்துல ஏத்தி..."

அவர் பேச்சை முடிக்காமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வேகத்தில், தூள் அப்பியிருந்த கையாலேயே கண்ணைத் துடைக்கப் போய் மூக்கைத் தொட்டுவிட்டார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் தும்மினார். வேப்பமரத்துக் காக்கைகள் பறந்துபோயின.

"மண்டிக்காரரு நாலணா!" என்று மாசிலாமணி ஆடிப் பாடாத குறையாகக் கூவினார். "பதினொண்ணரை!"

பெண்கள் பக்கமிருந்து எஸ்தர் எழுந்து வந்தாள். அங்கேயும் தும்மிக்கொண்டுதான் இருந்தார்கள். இவளுக்கும் மூக்கு சிவந்திருந்தது. குடிதண்ணீர்ப் பானைக்குப் போட்டிருந்த ஈரச் சாக்கை உருவினாள். வந்த வேகத்தில் சுளகின்மேல் விரித்து மூடினாள். மூட்டை வாயையும் திருகிக் கயிற்றைச் சுற்றினாள். அத்தனை பேரில் வேறு யாருக்கும் இது தோன்றவில்லை.

சாக்கு விழுகிற நேரத்தில் நான் ஒன்று தும்மினேன். நாற்பத்து மூன்றாவது தும்மல்.

"பதினொண்ணே முக்கா! ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!" பக்கத்தில் இருந்த ஏல மணியை அடித்தார். "வாத்தியாருக்கு!"

"படைத்தவர் வாங்கக் கூடாதே" என்றேன்.

"அப்ப மறுபடி ஏலம் போட்டுருவமா?" என்று மாசிலாமணி ஈரச் சாக்கின் ஓரத்தைத் தொட்டார்.

"வேண்டாம்!" என்று முழுச் சபையும் ஒரே குரலில் அலறியது. பாட்டில்கூட எங்கள் சபை அவ்வளவு ஒற்றுமையாகப் பாடியதில்லை. ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஒரு தடவை சட்டத்தைத் தளர்த்தலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

எஸ்தர் அப்பாவிடம் திரும்பினாள். தணிந்த குரலில்தான் பேசினாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"அப்பா, பேசி முடிச்சிருங்க."

"ஏட்டி, இந்த வத்தலப் பாத்த பொறவுமா?"

"வத்தலுக்கு என்ன கொற? இடிக்கிற வேல மிச்சம்."

அவர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். நல்லவேளை, மாசிலாமணி பார்க்கவில்லை.

"ஆனா ஒண்ணுப்பா" என்றாள் எஸ்தர், இந்த முறை என்னைப் பார்த்து. "இவுககிட்ட நாம யாரும் ஒரு சொல்லக் கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னா, செஞ்சுட்டு வந்து நிப்பாக."

ஞானமுத்து என் தோளில் கையைப் போட்டார். மிளகாய்க் கை. சட்டையில் பட்ட அந்தச் சிவப்பு பிறகு எத்தனை வெளுப்புக்கும் போகவில்லை. "மாப்பிள்ளே, சித்திரையில வச்சுக்கிடுவமா, வைகாசியில வச்சுக்கிடுவமா?" என்றார்.

வைகாசியில் கலியாணம் நடந்தது. அந்த அரை மூட்டையும் எங்கள் புது வீட்டுக்கே வந்து, ஒன்றே முக்கால் வருஷம் குழம்புக்கு ஆயிற்று.

சபையார் தொண்டைக்கு அன்றைக்கே நான் பனங்கற்கண்டு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அது ஒன்பது அணா. ஆலங்குளத்திலிருந்து வண்டி வாடகை பன்னிரண்டு அணா. என் வத்தலை நானே வாங்கின வகையில் பதினொரு ரூபாய் பன்னிரண்டு அணா. சம்பளம் மாதம் பதினைந்து ரூபாயாக இருந்த காலத்தில், எல்லாம் சேர்த்து எனக்குச் செலவு பிடித்தது பதின்மூன்று ரூபாய் ஒரு அணா.